நேராகக் கேளுங்கள்: பதின்ம வயதினரின் தற்கொலையைத் தடுக்க, புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வீட்டிலோ வகுப்பிலோ நட்பு வட்டத்திலோ பதின்ம வயதில் இருக்கும் ஒருவரை நினைத்து உங்களுக்கு மனசு உறுத்துகிறது. என்ன கேட்பது, கேட்டால் விபரீதமாகிவிடுமோ, யாரிடம் கூட்டிப்போவது, எதுவும் தெரியவில்லை. அந்த இடத்தில் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அம்மா, அப்பா, சித்தி, மாமா, வகுப்பாசிரியர், விடுதிக் காப்பாளர், கூடப் படிக்கும் தோழி என்று யாராக இருந்தாலும் சரி, மனநலம் படித்திருக்க வேண்டியதில்லை.

ஆபத்து இப்போதே கண்முன் நிற்கிறது என்றால் படிப்பதை நிறுத்துங்கள். அந்தப் பிள்ளையைத் தனியே விடாமல், உங்கள் நாட்டின் அவசர உதவி எண்ணை அழையுங்கள். அல்லது பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேரே கூட்டிப்போங்கள். எதையாவது உட்கொண்டிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலே போதும், "பார்த்தா நல்லாத்தானே இருக்கா" என்று காத்திருக்கக் கூடாது. பேச ஆள் வேண்டும் என்றால் இந்தியாவில் 14416 (டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம்), இலங்கையில் 1926, சிங்கப்பூரில் 1767, மலேசியாவில் 03-7627 2929, அமெரிக்காவிலும் கனடாவிலும் 988, பிரிட்டனில் 116 123, ஆஸ்திரேலியாவில் 13 11 14. இந்த எண்களைப் பிள்ளை மட்டும்தான் அழைக்க வேண்டும் என்றில்லை. பிள்ளையைப் பற்றிக் கவலைப்படுகிற நீங்களும் அழைத்து, "இப்படி இருக்கிறது, நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்கலாம்.

என்ன நடக்கிறது என்று முதலில் புரிந்துகொள்வோம்

2021ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 7,27,000 பேர் தற்கொலையால் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 15 முதல் 29 வயது வரையுள்ளவர்களின் மரணத்துக்கான காரணங்களில் இது மூன்றாவது இடத்தில் இருக்கிறது. கூடவே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இப்படி யோசிக்கிற பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் இதனால் இறப்பதில்லை. எண்ணம் வருவதற்கும் உயிர் போவதற்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. இந்த வழிகாட்டி முழுக்க அந்த இடைவெளியில் என்ன செய்யலாம் என்பதைப் பற்றியதுதான்.

செய்திகளில் காரணம் ஒரே வரியில் வந்துவிடும்: தேர்வில் தோல்வி, காதல் முறிவு, செல்போனைப் பிடுங்கியதால் மனவேதனை. அது கடைசியாக விழுந்த அடி மட்டுமே. அதற்கு முன் விழுந்த அடிகள் வெளியே தெரியாமல் இருக்கும். மனச்சோர்வு நோய், பதற்றம், வீட்டுக்குள் நடக்கும் வன்முறை, பாலியல் துன்புறுத்தல், பள்ளியிலும் இணையத்திலும் நடக்கும் கேலி, நெருங்கியவரின் மரணம், குடும்பத்தில் முன்பு நடந்த தற்கொலை, குடி, போதை, தன் பாலின அடையாளத்தை வீடு ஏற்காமல் போவது, மாதக்கணக்கில் கெட்டுப்போன தூக்கம். இவற்றில் இரண்டு மூன்று ஒன்றுசேரும்போது சுமை தாங்க முடியாததாகிறது. அதனால் "ஒரு மார்க்குக்காகவா?" என்று வியப்பதில் பயன் இல்லை. ஒரு மார்க்குக்காக மட்டும் யாரும் அந்த இடத்துக்குப் போவதில்லை.

1958இல் லாஸ் ஏஞ்சலிஸில் தற்கொலைத் தடுப்பு மையம் ஒன்றைத் தொடங்கியவர்களில் ஒருவரான எட்வின் ஷ்னைட்மன், இதன் அடியில் இருப்பது பொறுக்க முடியாத மனவலி என்று விளக்கினார். அந்த வலி நிற்க வேண்டும் என்பதுதான் அந்தப் பிள்ளையின் ஆசை. சாவு தவிர வேறு வழி அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை. தாமஸ் ஜாய்னர் என்ற உளவியலாளர் 2005இல் முன்வைத்த விளக்கம் எனக்கு இன்னும் கைகொடுக்கிறது. "எனக்குன்னு யாரும் இல்லை", "நான் எல்லாருக்கும் பாரம்" என்ற இரண்டு நினைப்புகளும் ஒன்றாக வந்து, இது மாறவே மாறாது என்று தோன்றும்போதுதான் சாகும் ஆசை பிறக்கிறது என்கிறார் அவர். வீட்டில் நாம் சாதாரணமாகச் சொல்லும் "உனக்காக எவ்வளவு கொட்டி அழறோம் தெரியுமா?" என்ற பேச்சு, ஏற்கெனவே தன்னைப் பாரமாக நினைக்கும் பிள்ளையின் காதில் எப்படி விழும் என்று யோசித்துப் பாருங்கள்.

வயதும் ஒரு காரணம். உணர்ச்சிகள் கொந்தளிக்கும் மூளைப் பகுதிகள் பதின்ம வயதிலேயே முழு வேகத்தில் இயங்கத் தொடங்கிவிடுகின்றன. "கொஞ்சம் பொறு, யோசி" என்று நிறுத்தும் முன்மூளைப் பகுதி முதிர்வதற்கு 25 வயதுவரைகூட ஆகிறது. எனவே பிள்ளைகள் நெருக்கடியில் மிக வேகமாக இறங்குகிறார்கள். ஆனால் அந்த உச்சக்கட்டத் தவிப்பு அலை போல எழுந்து தணிவது, பலருக்கு நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ. 1937 முதல் 1971 வரை ஓரிடத்தில் உயிரை விட முயன்று கடைசி நேரத்தில் தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேரின் பிற்கால வாழ்க்கையை ரிச்சர்ட் சைடன் என்ற ஆய்வாளர் தேடிப்பார்த்து 1978இல் வெளியிட்டார். அவர்களில் சுமார் 94 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், அல்லது இயற்கையாக இறந்திருந்தார்கள். "இன்னிக்கு தடுத்தா நாளைக்குப் பண்ணப்போறாங்க" என்று கைவிரிப்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

படி 1: மாற்றத்தைக் கவனியுங்கள்

அறிகுறிப் பட்டியல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளையை ஒப்பிட வேண்டாம். அந்தப் பிள்ளை வழக்கமாக எப்படி இருப்பாள், இப்போது எப்படி இருக்கிறாள் என்று பாருங்கள். எப்போதும் தனியாக இருக்க விரும்புகிறவள் அறைக்குள் இருப்பதில் செய்தி ஒன்றும் இல்லை. தினமும் பந்து விளையாடப் போனவன் மூன்று வாரமாகக் காலணியைத் தொடவில்லை என்றால் அது செய்தி.

பதின்ம வயதில் மனச்சோர்வு பலமுறை சோகமாகத் தெரியாது, எரிச்சலாகத் தெரியும். எதற்கெடுத்தாலும் வெடிப்பது, கதவை அறைந்து சாத்துவது, அடிக்கடி தலைவலி, வயிற்றுவலி என்று படுப்பது, இரவெல்லாம் விழித்துப் பகலில் தூங்குவது, சாப்பாடு குறைவது அல்லது கூடுவது, படிப்பு திடீரென்று சரிவது. "திமிர் ஏறிப்போச்சு" என்று நாம் தீர்ப்புச் சொல்லிவிடும் இடத்தில் நோய் ஒளிந்திருக்கலாம்.

சில அறிகுறிகளைக் கண்டால் அன்றைக்கே பேச வேண்டும். "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி", "இன்னும் கொஞ்ச நாள்தான்" போன்ற பேச்சு. ஆசையாக வைத்திருந்த பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது. விடைபெறுவது போன்ற செய்திகள். சாவதற்கான வழிகளை இணையத்தில் தேடியிருப்பது. வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாமல் காயத்தை மறைப்பது. நெடுநாள் தவிப்புக்குப் பிறகு காரணமே இல்லாமல் வரும் திடீர் அமைதி. முன்பு ஒரு முறை முயன்றவர் என்றால் எச்சரிக்கை இன்னும் கூட வேண்டும். பின்னால் வரக்கூடிய ஆபத்தைக் காட்டும் அடையாளங்களில் மிக வலுவானது அதுதான்.

"சும்மா மிரட்டுறான்", "கவனத்தை இழுக்கப் பாக்குறா" என்று சொல்லித் தட்டிவிடாதீர்கள். உயிரைச் சொல்லித்தான் கவனத்தைக் கேட்க முடிகிறது என்ற நிலையில் ஒரு பிள்ளை இருந்தால், கொடுக்க வேண்டியது கவனம்தான்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எந்த அடையாளமும் காட்டாமல் போன பிள்ளைகளும் உண்டு. அப்படி ஒருவரை இழந்த பெற்றோர் இதைப் படித்தால், மேலே எழுதியதை உங்கள் மேல் குற்றப்பத்திரிகையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

படி 2: நேராகக் கேளுங்கள்

பெரியவர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். "நாமே அந்த எண்ணத்தை விதைச்சிட்டா?" 2005இல் வெளியான ஓர் ஆய்வு இதையே சோதித்தது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 6 பள்ளிகளைச் சேர்ந்த 2,342 மாணவர்களில் ஒரு பாதிப் பேரிடம் தற்கொலை எண்ணம் பற்றிய கேள்விகளைக் கேட்டார்கள், மறு பாதியிடம் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், கேட்கப்பட்டவர்களுக்கு மன உளைச்சலோ தற்கொலை எண்ணமோ கூடியிருக்கவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களுக்கும் முன்பு முயன்றவர்களுக்கும், கேட்கப்பட்ட பிறகு தவிப்பு சற்றுக் குறைந்தே இருந்தது. ஆகவே அந்தப் பயத்தை விட்டுவிடலாம்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் தடுமாறுகிறோம். "தப்பா எதுவும் யோசிக்கலையே?" என்று கேட்டால் "இல்ல" என்ற பதிலை நாமே பிள்ளையின் வாயில் வைத்துவிடுகிறோம். அந்தக் கேள்வியில் பிள்ளைக்குக் கேட்பது நம் பயம். உண்மையைச் சொன்னால் அம்மா தாங்க மாட்டாள் என்று அது முடிவுகட்டிவிடும்.

நேரம் பார்த்துக் கேளுங்கள். சண்டை நடக்கும்போதோ, பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்திலோ, தம்பி தங்கை சுற்றி நிற்கும்போதோ வேண்டாம். எதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துப் பேசுவது பல பிள்ளைகளுக்கு விசாரணை போல இருக்கும். பக்கத்தில் நடந்துகொண்டோ, துணி மடித்துக்கொண்டோ, வண்டியில் போகும்போதோ பேசினால் வாய் திறக்கும். நீங்கள் பார்த்ததைச் சொல்லித் தொடங்கி, நேரே கேள்விக்கு வாருங்கள். ஓர் அம்மா இப்படிக் கேட்கலாம்:

"கொஞ்ச நாளா நீ சரியா தூங்கறதில்ல. யார்கூடவும் பேசறதில்ல. நேத்து 'நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி'ன்னு சொன்ன பாரு, அது என் மனசுலயே நிக்குது. மனசு ரொம்ப வலிக்கும்போது சிலருக்குச் செத்துப்போயிடலாம்னு தோணும். உனக்கு அப்படித் தோணுதா கண்ணு?"

கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்த மௌனம் உங்களுக்குத்தான் நீளமாகத் தெரியும். இடையில் புகுந்து "சரி விடு, அப்படியெல்லாம் இருக்காதுன்னு எனக்குத் தெரியும்" என்று கதவைச் சாத்திவிடாதீர்கள். "இல்ல" என்று பதில் வந்தாலும் நஷ்டம் இல்லை. "நல்லது. எப்பவாவது தோணினா என்கிட்ட சொல்லலாம், நான் பயப்பட மாட்டேன்" என்று சொல்லி வையுங்கள். ஒரு வாரம் கழித்து வந்து சொல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

படி 3: "ஆமா" என்ற பதிலைத் தாங்கிக்கொள்ளுங்கள்

பதில் "ஆமா" என்றால் உங்களுக்குக் கைகால் நடுங்கும். நடுங்கட்டும். ஆனால் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம் முக்கியம். "சொன்னியே, அது ரொம்ப நல்லது. எனக்குக் கோவம் இல்ல. எப்ப இருந்து இப்படி இருக்கு?" இவ்வளவு போதும்.

அன்பில் வந்தாலும் காயப்படுத்தும் பதில்கள் சில உண்டு. "எங்களைப் பத்தி யோசிச்சியா?" என்பது குற்றவுணர்வைக் கூட்டுகிறது. "உனக்கு என்ன குறை வெச்சோம்?" என்பது பேச்சைப் பெற்றோரின் பக்கம் திருப்பிவிடுகிறது. "நாங்க உன் வயசுல படாத கஷ்டமா?" என்று கேட்டால் பிள்ளை இனி உங்களிடம் எதையும் சொல்லாது. அறிவுரை, தீர்வு, உதாரண புருஷர்கள் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பிள்ளை சொன்னதை உங்கள் வாயால் திருப்பிச் சொல்லுங்கள்: "ஸ்கூல்ல அவங்க பண்றதை யார்கிட்டயும் சொல்ல முடியாம, நாலு மாசமா நீ மட்டும் சுமந்துட்டிருக்க." சரியாகத் திருப்பிச் சொன்னால் தோள் இறங்கும், அழுகை வரும். அழட்டும்.

அதன் பிறகு இன்னும் சில கேள்விகள் கேட்டாக வேண்டும். எப்படிச் செய்வது என்று யோசித்திருக்கிறாயா? அதற்கானது கையில் இருக்கிறதா? எப்போது என்று ஏதாவது நினைத்திருக்கிறாயா? முன்னால் எப்போதாவது முயன்றாயா? திட்டம் எவ்வளவு தெளிவாக இருக்கிறதோ ஆபத்து அவ்வளவு அருகில். வழியும் நாளும் முடிவாகி இருந்தால் இரவுகூடத் தள்ளிப்போடாதீர்கள், மருத்துவமனைக்குப் போங்கள். திட்டம் எதுவும் இல்லை, எண்ணம் மட்டும் வந்து போகிறது என்றால் ஓரிரு நாளுக்குள் மருத்துவரையோ உளவியலாளரையோ பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். அதுவரை யாராவது கூடவே இருங்கள்.

இரண்டு விஷயங்களில் உறுதியாக இருங்கள். ஒன்று, "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். "ஊரெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனா உன்னைக் காப்பாத்த யாருக்குத் தெரியணுமோ அவங்ககிட்ட சொல்லுவேன், உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்" என்பது நேர்மையான பதில். இரண்டாவது, "இனிமே இப்படி நினைக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்று கேட்காதீர்கள். எழுதி வாங்கினாலும் வாய்மொழியாக வாங்கினாலும் அப்படிப்பட்ட உறுதிமொழி உயிரைக் காப்பதாகச் சான்று இல்லை. மறுபடியும் எண்ணம் வந்தால், சத்தியத்தை மீறிய குற்றவுணர்வில் பிள்ளை அதை மறைத்துவிடும்.

படி 4: ஆபத்தான பொருள்களை எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள்

எல்லாப் படிகளிலும் எளியதும் அதிகம் அலட்சியம் செய்யப்படுவதும் இதுதான். தவிப்பின் உச்சம் தணியக்கூடியது என்று பார்த்தோம். அந்த நேரத்தில் ஆபத்தான பொருள் கைக்கு எட்டாமல் இருந்தால் பெரும்பாலும் உயிர் தங்கிவிடுகிறது. இலங்கையில் தற்கொலை விகிதம் 1995 வாக்கில் உச்சத்தில் இருந்தது. கொடிய நச்சுத்தன்மையுள்ள பூச்சிக்கொல்லிகளை அரசு படிப்படியாகத் தடை செய்த பிறகு, அடுத்த 20 ஆண்டுகளில் அது ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது. மக்களின் துன்பங்கள் 70 சதவீதம் குறைந்துவிடவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட தடுப்பு வழிகாட்டியிலும், ஆபத்தான பொருள்களை எட்டாமல் வைப்பதற்கு முதன்மை இடம் உண்டு.

வீட்டில் செய்ய வேண்டியது இதுதான். ஒரு பையை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போங்கள். தாத்தா பாட்டியின் மாத்திரைகள், பழைய சிகிச்சையில் மிஞ்சியவை, சாதாரண வலி மாத்திரைகள் எல்லாம் பூட்டிய பெட்டிக்குள் போக வேண்டும், சாவி பெரியவரிடம் இருக்க வேண்டும். தேவைக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள். பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, துப்பாக்கி போன்றவை வீட்டிலேயே இருக்கக் கூடாது. கொஞ்ச காலத்துக்கு வேறிடத்தில் வையுங்கள். பிள்ளை ஏதாவது ஒன்றைக் குறிப்பிட்டுச் சொல்லியிருந்தால் முதலில் அதை அகற்றுங்கள்.

இதை ஒளித்துச் செய்ய வேண்டாம். "நீ கெட்டவன்னு இல்லடா, உனக்கு உடம்பு சரியில்லாத நேரம் இது. சரியாகிற வரைக்கும் இதெல்லாம் என்கிட்ட இருக்கட்டும்" என்று அப்பா சொன்னால் பிள்ளைக்குப் புரியும். பலருக்கு நிம்மதியாகக்கூட இருக்கும்.

படி 5: பாதுகாப்புத் திட்டம் ஒன்றை எழுதுங்கள்

பார்பரா ஸ்டான்லி, கிரிகரி பிரவுன் என்ற இரண்டு உளவியலாளர்கள் உருவாக்கிய முறை இது. அவசரப் பிரிவுக்கு வந்த பெரியவர்களிடம் இந்தத் திட்டத்தையும் தொடர் தொலைபேசி விசாரிப்பையும் சேர்த்துப் பயன்படுத்தியபோது, அடுத்த 6 மாதத்தில் தற்கொலை நடத்தைகள் 45 சதவீதம் குறைவாக இருந்ததாக 2018இல் வெளியான ஆய்வு சொல்கிறது. பதின்ம வயதினருக்கும் இதே முறையைத்தான் மருத்துவர்கள் தழுவிப் பயன்படுத்துகிறார்கள். முடிந்தால் உளவியலாளரோடு உட்கார்ந்து எழுதுவது நல்லது. உடனே யாரும் கிடைக்கவில்லை என்றால் நீங்களும் பிள்ளையும் சேர்ந்தே தொடங்கலாம்.

மனம் அமைதியாக இருக்கும் நேரத்தில், பிள்ளையின் வார்த்தைகளிலேயே எழுத வேண்டும். ஒரு மாதிரிக்கு, 16 வயதுப் பெண் ஒருத்தி எழுதினால் இப்படி இருக்கலாம்:

"எனக்கு மோசமாகப் போகிறது என்று எப்படித் தெரியும்: ராத்திரி 1 மணிக்கு மேல் பழைய மெசேஜ் எல்லாம் திரும்பத் திரும்பப் படிப்பேன். நெஞ்சு அடைக்கும். நானே செய்யக்கூடியது: போனை ஹாலில் வைப்பது, முகத்தில் ஐஸ் தண்ணீர் அடிப்பது, படம் வரைவது. கவனத்தை மாற்ற: அக்காவின் அறையில் போய்ப் படுப்பது, நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பது. யாரிடம் சொல்வேன்: முதலில் அக்கா, அவள் எடுக்காவிட்டால் மாமா. என் டாக்டர் எண், உதவி எண். வீட்டில் பாதுகாப்பு: மாத்திரைப் பெட்டி அம்மாவிடம். நான் எதற்காக உயிரோடு இருக்க வேண்டும்: நாய்க்கு நான்தான் சோறு வைக்கிறேன். அக்காவின் குழந்தையைப் பார்க்க வேண்டும்."

கடைசி வரியைப் பார்த்து "இவ்வளவுதானா? உன் எதிர்காலம், படிப்பு?" என்று திருத்தாதீர்கள். நாய்க்குச் சோறு வைப்பது ஓர் இரவைக் கடக்கப் போதுமானதாக இருந்தால் அது பெரிய காரணம்தான். தாளைப் படம் எடுத்து அவள் போனிலும் உங்கள் போனிலும் வையுங்கள். வேலை செய்யாத வரிகளை அவ்வப்போது மாற்றுங்கள்.

படி 6: சிகிச்சைக்குப் போங்கள்

மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், பள்ளி ஆலோசகர் யாரிடம் வேண்டுமானாலும் தொடங்கலாம். யாரையும் தெரியவில்லை என்றால் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடமே போய், "என் பிள்ளைக்குத் தற்கொலை எண்ணம் இருக்கிறது" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் அவசரம் அவருக்குப் புரியும். மருத்துவர் பிள்ளையிடம் தனியாகப் பேச வேண்டும் என்பார். வெளியே போய் உட்காருங்கள். உள்ளே என்ன பேசினாய் என்று வீடு வரும் வழியில் குடையாதீர்கள்.

பேச்சுவழிச் சிகிச்சைகளில், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பதின்ம வயதினருக்கு இயங்கியல் நடத்தைச் சிகிச்சைக்கு (DBT) நல்ல சான்று இருக்கிறது. கொந்தளிப்பான உணர்ச்சியைத் தாங்கிக் கடப்பதற்கான திறன்களை அது கற்றுத் தருகிறது, குடும்பத்தையும் சேர்த்துக்கொள்கிறது. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் அறிதல் நடத்தைச் சிகிச்சையும் (CBT) பலருக்குப் பயன்படுகிறது.

மனச்சோர்வு மாத்திரை என்றதும் பெற்றோர் பதறுகிறார்கள். 2004இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கொடுத்த எச்சரிக்கை இதற்கு ஒரு காரணம். பிள்ளைகளிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, மருந்து எடுத்தவர்களில் சுமார் 4 சதவீதம் பேருக்கும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தே இல்லாத மாத்திரை கொடுக்கப்பட்டவர்களில் சுமார் 2 சதவீதம் பேருக்கும் தற்கொலை எண்ணமோ நடத்தையோ தோன்றியது. அந்த ஆய்வுகளில் யாரும் தற்கொலையால் இறக்கவில்லை. இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, மருந்து தொடங்கும்போதும் அளவு மாறும்போதும் முதல் சில வாரங்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும் என்பதே. படபடப்பு, தூக்கமின்மை, எரிச்சல் கூடினால் உடனே மருத்துவரை அழையுங்கள். நீங்களாகவே மாத்திரையை நிறுத்துவதுதான் அதிக ஆபத்து.

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டால் எல்லாரும் மூச்சு விடுகிறோம். உண்மையில் அதற்குப் பிந்தைய முதல் வாரமும் அடுத்த மூன்று மாதமும்தான் மிகக் கவனமாக இருக்க வேண்டிய காலம். அடுத்த சந்திப்பின் தேதியைக் கையில் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

பள்ளிக்கு

பள்ளிகள் பேச்சாளரை அழைத்து வருடத்துக்கு ஒரு கூட்டம் நடத்துவதோடு நின்றுவிடுகின்றன. ஐரோப்பாவின் 10 நாடுகளில் 168 பள்ளிகளைச் சேர்ந்த 11,110 மாணவர்களிடம் நடந்த பெரிய ஆய்வு 2015இல் வெளியானது. மாணவர்களே நடித்துப் பார்த்து, விவாதித்து, மன உளைச்சலையும் நெருக்கடியையும் எப்படிக் கையாள்வது என்று கற்றுக்கொண்ட வகுப்புகள் நடந்த பள்ளிகளில், ஒரு வருடத்தில் தற்கொலை முயற்சிகள் ஏறக்குறைய பாதியாக இருந்தன. ஆசிரியர்களுக்கு மட்டும் பயிற்சி கொடுத்த பள்ளிகளில் அந்த அளவு மாற்றம் தெரியவில்லை. ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பிள்ளைகளை உட்காரவைத்துக் கேட்கச் செய்வதைவிட, அவர்களையே செய்யவைப்பது பலன் தருகிறது.

சிகிச்சைக்குப் பிறகு திரும்பும் மாணவருக்கு முதல் நாளிலேயே எல்லாப் பாடங்களும், விட்டுப்போன தேர்வுகளும் காத்திருக்கக் கூடாது. எங்கே போயிருந்தாய் என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வது என்று முன்கூட்டியே அவரோடு பேசி முடிவு செய்யுங்கள். வகுப்பில் மூச்சு முட்டினால் யாரிடமும் விளக்கம் சொல்லாமல் எழுந்து போக ஓர் இடமும் ஓர் ஆளும் இருக்கட்டும்.

நண்பர் சொன்னால்

பதின்ம வயதினர் முதலில் மனம் திறப்பது பெரும்பாலும் நண்பரிடம்தான். "யார்கிட்டயும் சொல்லாதே" என்ற நிபந்தனையோடு சொல்வார்கள். அப்படி உன்னிடம் ஒருவர் சொன்னால், அதை நீ தனியாகச் சுமக்கக் கூடாது. நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் அன்றைக்கே சொல். அவர் கண்டுகொள்ளாவிட்டால் இன்னொருவரிடம் சொல். தோழி கோபித்துக்கொள்ளலாம், கொஞ்ச நாள் பேசாமலும் இருக்கலாம். அவள் உயிரோடு இருந்து கோபித்துக்கொள்ளட்டும்.

அந்த எண்ணம் உனக்கே இருந்தால்

இதைப் படிக்கும் உனக்கே அப்படித் தோன்றுகிறது என்றால், இப்போது இருக்கும் இடத்திலிருந்து எழுந்து, ஆள் இருக்கும் இடத்துக்குப் போ. கையில் ஏதாவது இருந்தால் அதை அங்கேயே வைத்துவிட்டுப் போ. வாயால் சொல்ல வரவில்லை என்றால் போனில் "எனக்குச் சாகணும் போல இருக்கு, கூட இரு" என்று எழுதி, வீட்டில் இருக்கும் யாரிடமாவது காட்டு. காரணம், விளக்கம் எதுவும் தேவையில்லை. நீ பாரம் என்று உன் மனம் சொல்வது அந்த வலி பேசுகிற பேச்சு. மேலே உள்ள எண்களில் பேசுபவர்கள் உன்னைத் திட்ட மாட்டார்கள். முதலில் சொன்ன ஆள் சரியாகக் கேட்கவில்லை என்றால் தவறு உன்னுடையதல்ல, அடுத்தவரிடம் சொல்.

ஓர் இழப்பு நடந்துவிட்டால்

பள்ளியிலோ தெருவிலோ ஒரு பிள்ளை இப்படி இறந்துவிட்டால், சுற்றியிருக்கும் பிள்ளைகளிடம் ஆபத்து பரவக்கூடும். குடும்பத்தின் சம்மதத்தோடு உண்மையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். மறைத்தால் வதந்திதான் பேசும். எப்படி, எங்கே என்ற விவரங்கள், கடிதம், படங்கள் எதையும் பகிரவோ வகுப்பில் பேசவோ வேண்டாம். இறந்தவரைத் தியாகியாக்கும் பேச்சும் வேண்டாம், இகழும் பேச்சும் வேண்டாம். அவருடைய நெருங்கிய நண்பர்கள், உடன்பிறந்தவர்கள், கடைசியாகச் சண்டை போட்டவர்கள், ஏற்கெனவே மனச்சோர்வில் இருப்பவர்கள் யார் யார் என்று பெயர் பெயராக எழுதி, ஒவ்வொருவருக்கும் ஒரு பெரியவரைப் பொறுப்பாக்குங்கள். அந்தப் பெரியவர் முதல் வாரத்திலேயே அந்தப் பிள்ளையைத் தனியாகப் பார்த்து, சாகணும்னு தோணுதா என்று அந்த வார்த்தையிலேயே கேட்க வேண்டும். ஒரு மாதம் கழித்தும், இறந்தவரின் பிறந்தநாள் வரும்போதும், முதல் வருட நினைவுநாளிலும் மறுபடி கேட்க வேண்டும்.